ஆணி அடிக்கலாம், மகன்

மகன், இதை உனக்குத் தனியாக அனுப்பியிருந்தால் நீ வாசித்திருக்க மாட்டாய். போன் எடுத்தால் "அம்மா, மீட்டிங்கில நிக்கிறன்" என்கிறாய். நீளமாக ஒரு செய்தி அனுப்பினால் ஒரு பெருவிரலைப் பதிலாக அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறாய். உன் பெருவிரலை வைத்து நான் என்ன செய்வது? அதனால்தான் இதை எங்கள் சங்கத்துப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கேட்டேன். இங்கே சிட்னியில், டூங்கபியில் இருக்கிற அன்ரிமார் எல்லாரும் வாசிப்பார்கள். வாசித்த கையோடு மெல்பேர்ணில் உன் பக்கம் இருக்கிற தங்கள் சொந்தக்காரருக்குச் சொல்வார்கள். அவர்களில் ஒருத்தர் உன்னைக் கோயில் வாசலில் மறித்து, "என்ன தம்பி, அம்மா இப்பிடி எழுதியிருக்கிறா?" என்று கேட்பார். அப்போது வாசிப்பாய். கோபம் வரும், வரட்டும். உன் பெயரை நான் எழுதவில்லை, நீ கலியாணம் செய்யப்போகிற பிள்ளையின் பெயரையும் எழுதவில்லை. செய்யப்போகிறாயா இல்லையா என்பதுதானே இப்போது கேள்வி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அன்ரி, எனக்கும் களைச்சுப் போச்சு" என்றாள்.

எல்லாம் சுவரில்தான் தொடங்கியது. போன மாரியில் ஒரு புதுவீடு குடிபூரலுக்குப் போயிருந்தோம். அவர்களுடைய ஹோலில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைச் சட்டங்கள் அடித்து, பெரிய பெரிய பெட்டிகளாகப் பிரித்திருந்தார்கள். படம் வைக்காத படச்சட்டங்கள் வரிசையாக நிற்கிற மாதிரி. "இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். "வோல் மோல்டிங் அக்கா, இப்ப எல்லாரும் இதுதான் செய்யினம்" என்றாள் வீட்டுக்காரி. அவ்வளவுதான், எனக்குப் பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரியும், நான் ஒரு கதிரையில் ஒழுங்காக இருக்கத் தெரியாதவள். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பல் டொக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓடிய வளைவுச் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னப்பா உமக்கு, சுவர்ப் பைத்தியம் பிடிச்சிட்டுதோ?" என்றார் அப்பா. பைத்தியம் இல்லை. உன் பொன்னுருக்கல் எங்கள் வீட்டில்தானே நடக்கவேண்டும்? மாப்பிள்ளை வீட்டில்தானே ஆசாரி வந்திருந்து தாலிக்குப் பொன் உருக்குவார்? எல்லாப் போட்டோவிலும் பின்னால் நிற்கப்போவது எங்கள் ஹோல் சுவர். அந்த மொட்டைச் சுவரையும் தொங்குகிற ரிவி வயரையும் உன் பிள்ளைகள் காலம் முழுக்க ஆல்பத்தில் பார்ப்பதா?

ஹார்ட்வெயார் கடைக்குப் போய், மரத்தூளை அமுக்கிச் செய்த சட்டங்களை வாங்கிக் கார் கண்ணாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தோம். அப்பாவைத் தெரியும்தானே, கரட் வெட்டுவதற்கும் அளவு பார்க்கிற ஆள். பேப்பரில் சுவரை வரைந்தார், அழித்தார், திரும்ப வரைந்தார். நடுவில் இருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போகவேண்டுமாம், இல்லாவிட்டால் கடைசிப் பெட்டி ஒடுங்கிப்போய்விடுமாம். நான் அதற்குள் குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்துவிட்டேன். மூலைகளைச் சாய்வாக வெட்டினோம். நான் அவசரப்பட்டு ஒன்றைத் தலைகீழாக வெட்டினேன். அவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார், அது போதாதா? பிறகு ஒட்டுகிற வேலை வந்தது. "இஞ்ச பாரும், ஆணி அடிப்பமே?" என்று கேட்டார். "வேண்டாம், சுவர் பழுதாப் போயிடும், இந்த ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் போதும், வேணுமெண்டாக் கழட்டலாம்" என்றேன். "ஓம், அதுவும் சரிதான்" என்று சுத்தியலைக் கொண்டுபோய் கராஜில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது புத்தியான பேச்சாகத்தான் பட்டது. யாருடைய சுவர், யார் கழட்டச் சொல்லப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளையைப் பூசினோம். பின்னேர வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பெட்டிகளின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழும், அதைப் பார்க்கிறதற்கென்றே வேலையால் கெதியாக வந்தேன். உனக்கும் படம் எடுத்து அனுப்பினேன். பெருவிரல் வந்தது.

பிறகு அந்தச் சனிக்கிழமை. உன் கலியாணத்துக்கு நாள் வைக்க அவளும் தாய் தகப்பனும் மெல்பேர்ணில் இருந்து வந்தார்கள். நீயும் அவர்களோடு வருவதாக இருந்தது. காலமை போன் எடுத்து, "அம்மா, பிளைட்டை விட்டிட்டன், நீங்களே கதையுங்கோ" என்றாய். நான் வடைக்கு மா அரைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடேயே உன்னை இரண்டு அறை அறைந்திருப்பேன், போனுக்குள்ளால் கை போகாதது உன் அதிர்ஷ்டம். அன்றைக்கு மேற்குச் சிட்னி அடுப்பு மாதிரிக் கொதித்தது. ஏசி ஓடியும் ஹோல் ஆறவில்லை. அவர்களை அந்தச் சுவர்ப் பக்கத்துச் சோபாவிலேயே இருத்தினேன், சுவர் தெரியட்டும் என்று. அவளுடைய அப்பா பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை இல்லாம நாங்கள் என்னெண்டு நாள் வைக்கிறது?" என்று பக்குவமாகத்தான் கேட்டார். நான் வாயைத் திறக்க முதல் சுவரில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். மேல் சட்டம் ஒரு பக்கத்தால் உரிந்து, தொங்கி, அவருடைய தோளில் தட்டி, தட்டில் இருந்த வடையையும் கொண்டு நிலத்தில் விழுந்தது. ஐயோ என்று எல்லாரும் எழும்ப, பக்கத்துச் சட்டமும் விழுந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்தது. மனுசன் தலையில் கையை வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றார். அப்பா "சொறி, வெரி சொறி" என்று சொல்லிக்கொண்டு விழாமல் நின்ற சட்டங்களை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றார், சுவரே விழப்போகிற மாதிரி. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல இருந்தது.

அவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு சட்டத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அன்ரி, இது டபிள் டேப்பெல்லே? ஏன் ஆணி அடிக்கேல்ல?"

"சுவர் பழுதாப் போயிடும் பிள்ளை."

"உங்கட சொந்த வீடெல்லே அன்ரி?"

நான் விழுந்த வடைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். சொந்த வீடுதான், நிரந்தர விசா கிடைத்த பிறகு நீயும் சேர்ந்து நின்று வாங்கின வீடுதான். அவள் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எனக்குப் பின்னால் குசினிக்குள் வந்தாள். தேத்தண்ணி போடுகிற சாட்டில் நான் முகத்தைக் காட்டாமல் நின்றேன். கேத்தில் கொதிக்கும் சத்தத்துக்கு மேலால் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவற்ற மெல்பேர்ண் வீடும் இப்பிடித்தான் அன்ரி. ஒரு சுவரிலயும் ஒரு ஆணி இல்ல. நான் குடுத்த படங்களும் நிலத்தில சாத்தித்தான் கிடக்கு. சூட்கேஸ் கதவுக்குப் பின்னால நிக்குது. உடுப்பைத் தோய்ச்சுக் காயவிட்டு, மடிச்சு, திருப்பி சூட்கேசுக்குள்ளதான் வைக்கிறார். வார்ட்ரோப் சும்மா கிடக்கு. நான் ஒரு செடி கொண்டுபோய் வச்சன். 'எங்கையும் போறதெண்டா இதை ஆர் பாக்கிறது?' எண்டு கேக்கிறார். எங்க போகப்போறீங்கள் எண்டு கேட்டா, 'தெரியேல்ல, சும்மா கேட்டனான்' எண்டுறார். கலியாணத்தைக் கேட்டா 'லெட்ஸ் ஸீ'. எவ்வளவு நாளைக்கு அன்ரி லெட்ஸ் ஸீ? ஐ லவ் ஹிம். ஆனா சூட்கேசோட நிக்கிற ஆளை நம்பி நான் எப்பிடி வாறது? பொங்கல் மட்டுக்கும் பாப்பன். அதுக்குள்ள அவர் வாயால நாள் சொல்லேல்லையெண்டா நான் வேண்டாமெண்டு சொல்லிடுவன்."

சொல்லிவிட்டு அழவில்லை. தேத்தண்ணித் தட்டை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டாள். நல்ல பிள்ளை, மகன். வாய்க்காரி, ஆனால் நேரான பிள்ளை. எனக்குப் பிடித்திருக்கிறது. இதை அவள் வாசிப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை.

அன்று முழுக்க எனக்கு மெரிலேண்ட்ஸ் வீடுதான் மனதில் ஓடியது. நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீடு, குளியலறைக்குள் எப்போதும் ஈரம் மணக்கும், அது உனக்கு ஞாபகம் இருக்கும். படகில் அகதிகளாக வந்து, அடைத்து வைத்த முகாமில் இருந்து வெளியே வந்து, முதன்முதலாகப் பூட்டவும் திறக்கவும் எங்கள் கையில் திறப்புத் தந்த வீடு அது. வாடகை வீட்டு ஏஜென்ட் முதல் நாளே சொல்லிவிட்டான், சுவரில் ஒன்றும் கூடாது. சாமிப்படத்தைச் சீமெந்துத் தரையில் பலகை போட்டு வைத்தோம். உன் பள்ளிக்கூடச் சான்றிதழ், நீ கீறின படம், பல் டொக்டர் நாள், விசா முடிகிற திகதி, எல்லாம் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில்தான் தொங்கின. ஒருநாள் நீ கடற்கரை கீறிச் செலோடேப்பால் கட்டிலுக்கு மேலே ஒட்டினாய். நான் பதறிப்போய் இழுத்தேன், படம் கிழிந்தது, சுவரில் பெயின்ட்டும் ஒரு துண்டு வந்தது. அன்றைக்கு நீ என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். அது கூட எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் நாட்கள்தான் தெரிகின்றன. ஏஜென்ட் வரப்போகிறான் என்றால் நாங்கள் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு, வீட்டை ஒருத்தரும் இருக்காத வீடு மாதிரித் துடைத்து வைப்போம். நீ உன் புத்தகப் பையில் இருந்த புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டு, உடுப்பு, பிரஷ், அந்தப் பச்சை நிறக் கார், எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு கதவடியில் நிற்பாய். "அம்மா, இந்த முறை போறமோ?" என்று கேட்பாய். "இல்லையடா, சும்மா பாக்கத்தான் வாறாங்கள்" என்பேன். ஆனாலும் அடுத்த முறையும் அடுக்குவாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ர கெட்டிக்காரன், ஒரு கரைச்சலும் இல்லாத பிள்ளை" என்று கொஞ்சினேன். வாற போற ஆட்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

இதைச் சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்று நினைக்காதே. கேட்கமாட்டேன். வேறு எப்படி வளர்த்திருக்கவேண்டும் உன்னை? திறப்பைத் திருப்பித் தா என்று எந்தக் கிழமையும் சொல்லக்கூடிய இடத்தில், ஆணியை அடி, படத்தைக் கொழுவு, விருப்பம் போல இரு என்று சொல்லியா? அப்போது அது புத்தி. பையை அடுக்கி வைத்த பிள்ளை கெட்டிக்காரன்தான். என் கோபமெல்லாம் இப்போதைக்கு. இப்போது உன் பெயரில் வீடு இருக்கிறது, கையில் பாஸ்போர்ட் இருக்கிறது, உனக்காக ஒரு பெட்டைப்பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கிறாள். யார் வரப்போகிறான் உன்னை வீட்டைவிட்டு எழுப்பிவிட? எதற்காக இன்னும் கதவடியில் நிற்கிறாய்? நான் உனக்கு ஏசுகிறேன், ஆனால் நானும் டேப் ஒட்டினவள்தான். அதுதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதும்போதே எத்தனை தடவை எழும்பிப் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் போன மறுநாள் மிச்சச் சட்டங்களையும் நானே இழுத்தேன். என்ன நடந்தது என்று நினைக்கிறாய்? சுவர் பழுதாகக் கூடாது என்று ஒட்டின டேப், பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வந்தது. சில இடங்களில் உள்ளே இருக்கிற கடதாசியும் கிழிந்தது. சுவர் முழுக்க நீளம் நீளமாகக் காயம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுக்கு ஆணியே அடிச்சிருக்கலாம்" என்றார். "அப்ப அடிச்சிருக்கலாமே, ஏன் சுத்தியலைக் கொண்டுபோய் வச்சனீங்கள்?" என்று நான் பாய்ந்தேன். "நீர் சொன்னீர்." "நான் சொன்னா?" பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிய எனக்கு அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க? அப்பா கராஜுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து என் கையில் தந்தார். தான் அடிக்கமாட்டாராம், நான்தான் அடிக்கவேணுமாம்.

எங்கள் சுவர் கடதாசி ஒட்டின சுண்ணப் பலகைச் சுவர், உள்ளே வெற்றிடம். எல்லா இடத்திலும் ஆணி நிற்காது. விரலை மடக்கித் தட்டிக்கொண்டு போகவேண்டும். பொள் பொள் என்று கேட்கும், பின்னால் மரம் நிற்கிற இடம் வந்ததும் சத்தம் இறுகும். அங்கேதான் அடிக்கவேண்டும். மரம் இல்லாத இடத்துக்குப் பசையும் வேண்டும். அப்பா தட்டித் தட்டிப் பென்சிலால் புள்ளடி போட்டார். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது என் பெருவிரலில். மூன்றாவது உள்ளே போனது. போன சத்தம் வீடு முழுக்கக் கேட்டது, மகன். நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்பாவும் நின்றார். யாரோ வரப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் காது கொடுத்துக்கொண்டு நின்றோம், வெட்கக்கேடு. சொன்னால் நம்பமாட்டாய், அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. அப்பா வளைந்த ஆணியைச் சட்டைப் பைக்குள் ஒளித்தார். நான் சுத்தியலைக் கீழே வைக்கவும் மறந்துபோனேன். போய்த் திறந்தால் பார்சல் கொண்டுவந்த பெடியன், நான் வாங்கின குக்கர். என் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்து "ரெனோவேட்டிங்?" என்று கேட்டான். "யெஸ். மை ஹவுஸ். மை வோல்" என்றேன், அவன் கேட்காததையும் சேர்த்து. "நைஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருத்தரும் வரவில்லை.

இப்போது சுவர் பரவாயில்லை. கிழிந்த இடங்களுக்குப் புட்டி பூசி, தேய்த்து, திரும்பப் பெயின்ட் அடித்தோம். ஆணித் தலைகளையும் புட்டி மூடிவிட்டது, தேடினாலும் தெரியாது. ஆணி அடித்த ஓட்டையை அடைக்கலாம், அது பெரிய வேலையே இல்லை என்று இந்த வயதில்தான் கண்டுபிடித்தேன். கடைசிப் பெட்டி கொஞ்சம் ஒடுங்கித்தான் வந்தது. நான் பொறுமையில்லாமல் ஒரு பக்கத்தால் தொடங்கிவிட்டேன். அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கால் மூச்சு விடுகிறார். அந்தப் பக்கம் பூச்சாடியை வைக்கலாம், போட்டோவில் வராது.

மகன், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. ஐயர் எழுதித் தந்த நாட்கள் பிரிட்ஜ் கதவில் தொங்குகின்றன, அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டேன், பெருவிரல் அனுப்பாதே. அவளுக்குப் போன் எடு. எனக்கு இல்லை, அவளுக்கு. ஒரு நாளைச் சொல்லு. பயமாயிருக்கு என்றும் சொல்லு, அதைச் சொன்னால் ஒன்றும் குறைந்துபோகாது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பயத்தோடுதான் அடித்தேன். அவளை விட்டுவிட்டாயென்றால் நான் உன்னோடு கதைக்காமல் இருக்கமாட்டேன், அது என்னால் முடியாது, ஆனால் கதைக்கிற ஒவ்வொரு முறையும் அதைத்தான் கதைப்பேன்.

சொல்லிவிட்டு இங்கே வா. நடுப் பெட்டியின் கீழ்ச்சட்டம் ஒன்றை அடிக்காமல் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துடிக்கிறது, நான் விடவில்லை. பொன்னுருக்கும்போது நீ அதற்கு முன்னால்தான் இருப்பாய், அதை நீ அடி. வரும்போது சூட்கேஸ் கொண்டு வராதே. உன் உடுப்பெல்லாம் இங்கே தோய்த்து, மினுக்கி, அலுமாரியில் கொழுவியிருக்கிறேன், புது பிரஷும் வாங்கி வைத்திருக்கிறேன். கதவுக்குப் பின்னால் நிற்கிற அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிறதை உன் வீட்டு அலுமாரியில் கொழுவு. செடிக்குத் தண்ணி ஊற்றச் சொல்லித் திறப்பை அவளிடம் குடு. குடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வா.

அம்மா